கள்ளும் பொச்சாப்பும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், நம் பகுதி ஜினாலயம் ஒன்றில் சமுதாய இளைஞர்களுக்காக நடைபெற்ற அறநெறிப் பயிற்சி முகாமில் உரையாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களைப் பற்றி அன்று பேசினோம். கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீத்து ஐந்து அணுவிரதங்களையும் ஏற்றல் என்று சமந்தபத்ர ஆசார்யர் இரத்தின கரண்டகத்தில் வகுத்தருளியதையும், அந்நூற்பொருளை அருங்கலச்செப்பு தமிழில் தந்திருப்பதையும் எடுத்துரைத்தோம். கள்ளில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றி மடிகின்றன, ஆகவே அதனைப் பருகுதல் உயிர்க்கொலையே என்றும் கூறினோம்.

உரை முடிந்ததும், பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஐயா, இன்று காலை நமக்கு இங்கே இட்லி பரிமாறினார்கள். அந்த மாவும் இரவெல்லாம் புளித்ததுதானே? அதில் நுண்ணுயிர்கள் இல்லையா?" என்று கேட்டார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. "இட்லி உண்டவன் எவனும் தெருவில் விழுந்து கிடந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை, தம்பி" என்று விடையளித்தோம். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அவர் அமர்ந்துவிட்டார். நன்றாகச் சமாளித்தோம் என்ற நிறைவோடு நாமும் மேடையை விட்டிறங்கினோம்.

பொழுது சாயுமுன் உணவு முடித்து, மானஸ்தம்பத்தின் அருகே தனித்து அமர்ந்திருந்தபோது அதே இளைஞர் வந்தார். சற்று நேரம் வேறு செய்திகளைப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தாம் ஓராண்டாக மது அருந்துவதாகக் கூறினார். விடுதி நண்பர் ஒருவரின் பிறந்தநாளன்று தொடங்கியதாம். இப்போது மாதம் இருமுறையேனும் நிகழ்கிறதாம். பெற்றோர் அறியார். "நாளைக் காலை அபிஷேகத்திற்கு நீர்க்குடம் எடுப்போர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். நான் எடுக்கலாமா ஐயா? குடித்தவன் இனியும் சமணன்தானா?" என்று கேட்டார்.

காலையில் அவர் கேட்ட கேள்வியை நாம் வேடிக்கையென்று எண்ணியது பெரும் பிழை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. தம் செயலுக்கு நியாயம் தேடினாரோ, அதை விடுவதற்குரிய காரணத்தைத்தான் தேடினாரோ, அவரே அறியார்போலும். எதுவாயினும், கேட்டதற்கு விடை கிட்டவில்லை. நீலகேசியைத் தந்த சமுதாயம் நம்முடையது. புத்தர் முதல் பூதவாதியர் வரை அனைவரோடும் கேள்வி கேட்டு வழக்காடிய ஒரு பெண்ணின் நூலைத் தமிழுக்கு வழங்கிவிட்டு, கேள்வி கேட்ட நம் வீட்டுப் பிள்ளையைச் சிரிப்பினால் அமர்த்திவிட்டோம். அன்று அளிக்கத் தவறிய விடையையே இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில் இட்லியைப் பற்றியே பேசுவோம். சர்க்கரை கலந்த சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பெருகி, அச்சர்க்கரையை உண்டு, சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. நொதித்தல் என்பது உயிர்களின் செயல் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆய்வுகளால் நிலைநாட்டினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, மது உயிர்கள் பிறக்கும் இடம் என்று நம் ஆசார்யர்கள் எழுதிவைத்தனர். இதைக் கொண்டு, நம் முன்னோர் நுண்ணோக்கியையே அறிந்திருந்தனர் என்று மேடைகளில் பெருமை பேசுவோர் உளர். அப்பெருமையில் நமக்கு விருப்பமில்லை. அவர்கள் கூர்ந்து நோக்கினர், ஐயமுள்ள இடத்தில் உயிரின் பக்கம் நின்றனர் என்பதே போதிய பெருமை.

சாற்றில் சாராயத்தின் அளவு ஏறக்குறைய 15 விழுக்காட்டை நெருங்கும்போது, ஈஸ்டில் பெரும்பகுதி தான் ஆக்கிய சாராயத்திலேயே மடிந்துவிடுகிறது. பிராந்தி, விஸ்கி போன்றவற்றைக் காய்ச்சி வடிக்கும்போது எஞ்சியவையும் அழிகின்றன. எனவே கடையில் விற்கும் புட்டியில் உயிர் ஏதும் இல்லை என்று மாணவர் வாதிடக்கூடும். சந்தையில் ஊன் வாங்குவோனும் இதே வாதத்தைத்தான் சொல்கிறான். நான் கொல்லவில்லை, கொன்றதை வாங்கினேன் என்கிறான். வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இரார் என்று திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் அதற்கு என்றோ விடை கூறிவிட்டது.

ஆனால் இவ்விடை இட்லிக்கும் பொருந்தும் என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். புளித்த மாவிலும் தயிரிலும் நுண்ணுயிர்கள் உண்டு. நோன்பு மேற்கொள்வோர் தயிருக்கும் மாவுக்கும் கால வரம்பு வைத்து, அதனைக் கடந்ததை விலக்குவது இதனாலேயே. இல்லறத்தான் உயிர்வாழ உண்ண வேண்டியவன். அவனுக்கு முழு அஹிம்சை கைகூடாது. ஆகவே தேவையைச் சுருக்கி, தீங்கைக் குறைத்து வாழுமாறு அணுவிரதம் பணிக்கிறது. உணவாகிய இட்லியும் உணவல்லாத மதுவும் இத்துலாக்கோலில் வேறுபடுகின்றன. எனினும் அது அளவின் வேறுபாடே. நுண்ணுயிர் வாதம் ஒன்றை மட்டுமே நம்பி நாம் நின்றால், வேதியியல் பயின்ற எந்தப் பிள்ளையும் நம்மை எளிதில் மடக்கிவிடுவான். மடக்கிய பின்னர், நாம் கூறும் வேறு எதையும் அவன் செவிமடுக்கமாட்டான்.

அமிர்தசந்திர ஆசார்யர் புருஷார்த்த சித்யுபாயத்தில் மதுவைப் பற்றி உரைக்கும் வரிசையை நாம் கவனிக்க வேண்டும். நுண்ணுயிர்க் கொலையை அவர் இரண்டாவதாகவே கூறுகிறார். முதற்கண் அவர் கூறுவது, மது மனத்தை மயக்குகிறது என்பதாம். மயங்கிய மனம் அறத்தை மறக்கிறது. அறத்தை மறந்த உயிர் அச்சமின்றித் தீங்கிழைக்கிறது. மூன்றாவதாக, செருக்கு, அச்சம், அருவருப்பு, நகை, துயர், காமம், வெகுளி முதலியன யாவும் ஹிம்சையின் வகைகளே என்றும், அவை யாவும் மதுவை அடுத்தே நிற்பன என்றும் கூறுகிறார். கல்லூரி விடுதியின் மாடியில் நள்ளிரவில் நடைபெறும் கூட்டத்தைக் கண்டவர்க்கு இப்பட்டியலை விளக்க வேண்டியதில்லை. முதலில் நகை, பின்னர் செருக்கு, பின்னர் எவரோ ஒருவர் அழுகை, இறுதியில் கைகலப்பு.

ஹிம்சை என்றால் என்ன என்ற வினாவுக்கு உமாசுவாமி ஆசார்யர் தத்துவார்த்த சூத்திரத்தில் தரும் இலக்கணம் இதனோடு ஒன்றுபடுகிறது. உயிருக்கு ஊறு நேர்ந்தது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய மனமொழிமெய்களால் நேர்ந்த ஊறு என்கிறார். பிரமாதம் என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் பொச்சாப்பு. விழிப்பின்மை, கடமையை மறந்த நிலை என்பது பொருள். இன்று பேச்சுவழக்கில் ‘பிரமாதம்’ என்பதைப் பாராட்டுச் சொல்லாகப் பயன்படுத்துகிறோம். சொல் எங்கிருந்து எங்கு வந்து சேர்ந்துவிட்டது, பாருங்கள்! வழிபார்த்து விழிப்போடு நடக்கும் முனிவரின் அடிக்கீழ் ஒரு சிற்றுயிர் எதிர்பாராது மடிந்தாலும் அவருக்கு ஹிம்சையால் வரும் வினைக்கட்டு இல்லை. விழிப்பின்றி நடப்பவனுக்கு, உயிர் எதுவும் மடியாவிடினும் அது உண்டு. குந்தகுந்த ஆசார்யரின் பிரவசனசாரம் கூறும் நெறி இது.

‘என் காசில் நான் குடிக்கிறேன், எவரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, குடித்துவிட்டு உறங்கிவிடுகிறேன், இதில் யாருக்குத் தீங்கு?’ என்பதே இன்றைய மாணவர் உலகின் தலையாய கேள்வி. உலகியல் அறங்கள் பலவற்றால் இதற்கு எளிதில் விடை கூறவியலாது. நம் அறத்தால் இயலும். தீங்கு விளைந்ததா என்று பின்னர் எண்ணிப் பார்ப்பது நம் கணக்கன்று. தீங்கைத் தடுக்கும் காவலை நீயே எழுந்துபோகச் சொன்னாயா என்பதே கணக்கு. மற்றப் பிழைகள் விழிப்புத் தவறிய வேளையில் நேர்கின்றன. குடியோ, விழிப்பைத் தவறவிடுவதற்காகவே காசு கொடுத்து, நேரம் குறித்து, நண்பரைக் கூட்டிச் செய்வது. திருக்குறளில் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை, 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமையோடு சேர்த்து ஒருமுறை வாசிக்குமாறு நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அளவு கடந்த சினத்தைவிட, மகிழ்ச்சிக் களிப்பில் வரும் மறதி தீது என்று பின்னது தொடங்குகிறது. வெற்றி, பிறந்தநாள், தேர்வு முடிவு, வேலைக்கான தேர்வுக் கடிதம் என்று மாணவர் குடிக்கும் வேளைகள் பெரும்பாலும் களிப்பின் வேளைகளே அல்லவா?

‘அளவோடு’ என்ற சொல்லையும் இங்கே ஆராய வேண்டும். மது இரத்தத்தில் கலந்ததும் முதலில் மங்குபவற்றுள் ஒன்று, சீர்தூக்கித் தீர்மானிக்கும் ஆற்றல். கால் தள்ளாடுவதற்கும் நாக்குக் குழறுவதற்கும் முன்னரே அது மங்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் குவளை வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டிய அறிவையே முதற்குவளை மழுக்கிவிடுகிறது. இருபது வயதில் இவ்விடர் இன்னும் மிகுதி. விளைவுகளை முன்னறிந்து தன்னை அடக்கும் பணியைச் செய்யும் முன்மூளைப் பகுதி முழுமை பெறுவது ஏறத்தாழ 25 வயதை ஒட்டியே என்று மருத்துவ நூலார் கூறுவர். கட்டி முடியாத கோட்டைக்குள் பகைவனை விருந்துக்கு அழைப்பது போன்றது இது. மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம் சாராயம் என்று வாகனம் ஓட்டுவோர்க்கு எல்லை வகுத்துள்ளது. அந்த எல்லையை நெருங்கியிருப்பவன், தான் தெளிவாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டு இருசக்கர வாகனத்தை எடுக்கிறான். உடல்நலத்தைப் பொறுத்தவரை, புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் பட்டியலில் மது 1988 முதல் இடம்பெற்றிருக்கிறது. கேடற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலக நலவாழ்வு அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது. இவை பலரும் அறிந்தவை, இவ்வளவில் நிறுத்துகிறோம்.

நம் பிள்ளைகள் ஏன் தொடங்குகின்றனர்? அந்த இளைஞரிடம் இதைக் கேட்டோம். அவர் கூறிய விடை நம் உறக்கத்தைக் கெடுத்தது. "விடுதியில் சேர்ந்த நாள் முதல் மறுத்துக்கொண்டே இருந்தேன் ஐயா. முட்டை வேண்டாம் என்றேன். அசைவம் சமைத்த கரண்டியை இதில் இடாதீர்கள் என்றேன். இரவு உணவுக்குக் கூட்டமாகப் போகும்போது, நான் முன்னரே உண்டுவிட்டேன் என்றேன். கிழங்கு வேண்டாம் என்றேன். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுத்து மறுத்துக் களைத்துப் போனேன். அன்று குவளையை நீட்டியபோது, இதையும் மறுத்தால் இவர்களோடு நான் எப்படித்தான் இருப்பது என்று தோன்றியது" என்றார்.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில், ஜினாலயத்தைச் சுற்றிய தெருவில் வாழ்ந்த நமக்கு இந்தக் களைப்பு தெரியாது. அங்கே மறுக்க வேண்டியதே வந்ததில்லை. ஊரே நமக்காக மறுத்துக்கொண்டிருந்தது. இன்று நம் மகனும் மகளும் சென்னையிலோ பெங்களூரிலோ நூறு பேருக்கு நடுவே தனியொருவராய் நிற்கின்றனர். ‘இதைத் தொடாதே, அதை உண்ணாதே’ என்று ஒரு பட்டியலை மட்டுமே அவர்கள் கையில் கொடுத்தனுப்பினோம். பட்டியலின் ஒவ்வொரு வரியும் அவர்களுக்குத் தனித்தனிச் சுமையாயிற்று. சுமை தாளாதபோது எந்த வரியைக் கைவிடலாம் என்று தேடுகின்றனர். வரிகளுக்குப் பின்னே நிற்கும் பொருள் ஒன்றே என்பதை நாம் கூறவில்லை. கரண்டியைப் பற்றி அவர் வாதிட்டதும் அந்தியில் உண்டதும் விழிப்பு என்னும் ஒன்றின் பயிற்சிகளே என்று அறிந்திருந்தால், மற்றவற்றில் இடருற்றபோதும் இதனையேனும் அவர் காத்திருக்கக்கூடும். கிழங்கு உண்டவனுக்குத் தான் உண்டது மறுநாள் நினைவிருக்கும், வருந்தவும் இயலும். விழிப்பையே கொடுத்துவிட்டவன் எதைக் கொண்டு வருந்துவான்?

துவாரகையின் அழிவை இங்கே நினைவுகூர்தல் தகும். ஜினசேன ஆசார்யர் கி.பி. 783இல் நிறைவு செய்த அரிவம்ச புராணத்தில் அவ்வரலாறு விரிவாக உள்ளது. 22ஆம் தீர்த்தங்கரராகிய நேமிநாத பகவான், மதுவின் காரணமாகத் துவைபாயனரால் 12 ஆண்டுகளில் நகர் அழியும் என்று அருளினார். யாதவப் பெரியோர் அஞ்சினர். நகரிலிருந்த மது முழுவதையும், அதை ஆக்கும் கருவிகளையும் கதம்ப வனத்தில் கொண்டுபோய்க் கொட்டச் செய்தனர். நகரில் மது இல்லை. கடமை முடிந்தது என்று அமைதியுற்றனர். ஆண்டுகள் கழிந்தன. வனத்தில் விளையாடச் சென்ற இளவரசர்கள் தாகமுற்று, பாறைகளுக்கிடையே தேங்கிக் கிடந்த அந்தப் பழைய மதுவைப் பருகினர். மதிமயங்கி, தவத்திலிருந்த துவைபாயனர்மீது கல்லெறிந்தனர். அவருடைய சினத்தீயில் துவாரகை எரிந்தது.

பெரியோர் செய்யக்கூடிய அனைத்தையும் செய்தனரே, பின் பிழை எங்கே? இதற்குப் புராணம் கூறும் விடை வினைப்பயன் என்பதே. எனினும் நமக்கு ஒன்று தோன்றுகிறது. அவர்கள் மதுவை நகரிலிருந்து அகற்றினர். பிள்ளைகளின் உள்ளத்தில் காவலை வைத்ததாகச் செய்தி இல்லை. பொருளைத் தொலைவில் கொட்டினால் போதும் என்று எண்ணினர். பிள்ளைகள் தொலைவுக்குச் செல்வர் என்பதை மறந்தனர்.

நம் மாநில வரலாறும் இதற்கு ஒருவாறு உரையாக அமைகிறது. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் கடைகள் திறந்தன, 2003இல் சில்லறை விற்பனையை அரசே மேற்கொண்டது. ‘எங்கள் காலத்தில் நம் பிள்ளைகள் இப்படியில்லை’ என்று நம் முதியோர் கூறக் கேட்கிறோம். உண்மைதான். ஆனால் 1948க்கும் 1971க்கும் இடையில் வளர்ந்தவர்களுக்குச் சட்டமே பெருமளவு காவல் நின்றது. அவர்தம் விழிப்பு அதிகம் சோதிக்கப்படவில்லை. பேரன் தேர்வில் தோற்றான் என்று, தேர்வே எழுதாத தாத்தா இகழ்தல் முறையாகாது. மதுவிலக்கு வேண்டும் என்போர் பக்கமே நாமும் நிற்கிறோம். 2023 மே மாதத்தில் திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டவர்கள் ஏழை உழைப்பாளர்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர். அவர்தம் பிள்ளைகளை நினைப்பவன் இதில் நடுநிலை பேசமாட்டான். ஆயினும் கடை மூடப்படும் நாள் வரை நம் பிள்ளை காத்திருக்கப் போவதில்லை.

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்றல் தமிழகத்தில் சட்டப்படி குற்றம். அவ்வாறாயின் 18 வயது மாணவன் கைக்கு அது எவ்வாறு வருகிறது? மூத்த மாணவன் வாங்கித் தருகிறான். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று வினை மூவகையாலும் வந்து சேரும் என்பது நம் பிள்ளைகள் பாடசாலையிலேயே கேட்ட பாடம். ‘நான் குடிப்பதில்லை, உடன் அமர்ந்து வறுகடலை தின்பேன், பங்குத் தொகை கொடுப்பேன், அவ்வளவே’ என்போர் நம்மில் பலர். அவர்கள் மூன்றில் இரண்டைச் செய்கின்றனர். இவ்விடத்தில் பெரியோரையும் விடுவதற்கில்லை. திருமண வரவேற்பு நாளில், அலுவலக நண்பர்களுக்கென்று மண்டபத்துக்கு வெளியே தனி ஏற்பாடு செய்யும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றிலும் நுழைந்துவிட்டதாக அறிகிறோம். பரிமாறியவர் ஒரு துளியும் தொடாத நல்லவர்தாம். பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயது மகன் என்ன கற்றான் என்பதே கேள்வி.

இனி, குடித்தவன் சமணன்தானா என்னும் இரண்டாம் கேள்விக்கு வருவோம். மதுவை ஒரு தீட்டுப்பொருளாக மட்டும் கருதினால், பட்டவன் கெட்டான் என்பதே விடை. அந்த இளைஞரும் அவ்வாறே எண்ணியிருந்தார். ‘கெட்டது கெட்டாயிற்று, இனி எத்தனை முறையானால் என்ன’ என்ற எண்ணம் முதல் குவளைக்கு மறுநாளே தம்முள் புகுந்ததாகக் கூறினார். அவரை ஓராண்டுக்காலம் குடிக்கச் செய்தது நாவின் சுவையைக் காட்டிலும் இந்த எண்ணமே எனலாம். இதை அவருக்குக் கற்பித்தவர் யார்? விழிப்பு என்பது இழந்தாலும் மீளப்பெறத்தக்கது. மீளப்பெறும் வழிகளை நம் ஆகமங்கள் வகுத்தும் வைத்துள்ளன. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஒன்பது வகைப் பிராயச்சித்தங்களுள் முதலாவது ஆலோசனை. இன்று நாம் வழங்கும் பொருளில் அன்று. தன் குற்றத்தைக் குருவினிடம் ஒளிக்காது உரைத்தல் என்னும் பொருளில். மானஸ்தம்பத்தின் அடியில் அவர் அன்று செய்ததற்கு வேறு பெயர் இல்லை, கேட்க அமர்ந்திருந்த நாம் குருவாகும் தகுதியற்ற இல்லறத்தான் என்பதைத் தவிர.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம், ஸ்திதிகரணம் என்று இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. பிறர் குற்றத்தைப் பறைசாற்றாது மறைத்தல் முன்னது. வழுவியவரை மீண்டும் நெறியில் நிறுத்துதல் பின்னது. நம் குடும்பங்களில் முன்னது மட்டும் நடக்கிறது, அதுவும் வேறொரு காரணத்தால். மகன் குடித்து வந்தால் தாய் அவனைப் பின்கட்டு வழியாக அழைத்துச் சென்று படுக்க வைக்கிறாள், தந்தைக்குச் சொல்வதில்லை. தந்தை அறிந்தால் பங்காளிகளுக்குச் சொல்வதில்லை. பெண் கொடுப்பார் அறியலாகாது. இது மானத்திற்கு அஞ்சிய மறைப்பு. மறைத்ததோடு இது நின்றுவிடுகிறது. உபகூகனமோ, மறைத்துவிட்டு அவனருகே அமர்வது.

சிரேணிக மன்னரின் மகன் வாரிஷேண முனிவரின் வரலாறு நாம் அறிந்ததே. அவரைப் பின்பற்றித் துறவு பூண்ட தோழன் புஷ்படாலன், பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன் மனைவியையே நினைத்துக்கொண்டிருந்தான். வாரிஷேணர் அவனைத் துரத்தவில்லை, ஊரறியச் செய்யவுமில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த மனைவியரையும் செல்வத்தையும் காட்டி, வேண்டுமாயின் இவற்றை எடுத்துக்கொள் என்றார். அவன் நாணித் தெளிந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவனுடைய உள்ளம் எங்கிருக்கிறது என்பதை அறிந்தும், உடனிருந்து, உரிய நேரம் பார்த்து நிறுத்தினாரே, அதுவன்றோ ஸ்திதிகரணம்! நீலகேசியும் முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்த வந்த பேய்த்தெய்வமே. அவளை விரட்டியிருந்தால் நமக்கு ஒரு நூல் இல்லை.

குடம் எடுங்கள் என்று அந்த இளைஞருக்குக் கூறினோம். ஆசாரம் மிக்க பெரியோர் சிலர் இதில் நம்மோடு மாறுபடக்கூடும். அவர்தம் கருத்தை மதிக்கிறோம். உண்மையை உரைத்துவிட்டு நிற்பவனை விலக்கி, உரைக்காதவர்களைக் கொண்டு அபிஷேகம் நிறைவேற்ற நமக்கு மனம் வரவில்லை. அன்றிரவு அவர் நீரும் அருந்தவில்லை. காலையில் ஈரவேட்டியோடு குடம் சுமந்து வந்தபோது அவர் தாயார் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது வாழ்நாள் விரதம் ஏற்பதாகக் கூறினார். வேண்டாம் என்றோம். விரதத்தில் யமம், நியமம் என இரு வகை உண்டு. உயிருள்ளளவும் கொள்வது யமம், கால எல்லை வைத்துக் கொள்வது நியமம். சமந்தபத்ரர் இரண்டையும் கூறியிருப்பது மனித இயல்பை அறிந்தே. தீபாவளி வரை ஒரு நியமம் கொள்ளுங்கள் என்றோம். மகாவீர பகவான் பாவாபுரியில் வீடுபேறு எய்திய அந்த நன்னாளில்தான் தமிழகத்து மதுக்கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. விடுதி நண்பர்கள் கொண்டாடும் நாளும் அதுவே. அந்நாளையும் உள்ளடக்கியே எல்லை வைக்கச் சொன்னோம். "அதன்பின் ஐயா?" என்றார். "அதன்பின் வாருங்கள், பேசுவோம்" என்றோம்.

தீபாவளிக்கு மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார். தீபாவளியன்று ஊருக்கு வந்து, விடியற்காலையில் ஜினாலயத்தில் விளக்கேற்றினாராம். ஆனால் இடையே ஆவணி மாதத்தில் ஒருநாள் தவறிவிட்டதாகக் கூறினார். நாம் வாளாவிருந்தோம். தவறிய மறுநாளிலிருந்து நாட்களைப் புதிதாக எண்ணத் தொடங்கியதாகவும், அந்த எண்ணிக்கை இன்னும் நிற்கவில்லை என்றும், இம்முறை பொங்கல் வரை எல்லை வைக்கலாமா என்றும் கேட்டார்.